ஞாயிறன்று முழுச் சமையலா, பாதி ஆயத்தமா?

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற, பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள ஒரு நகரக் குடும்பத்தில் சமையலின் நெருக்கடி ஒரு நாளில் இரண்டு முறை வருகிறது. காலை ஏழரை மணிக்குள் சிற்றுண்டியும் மதியச் சாப்பாட்டு டப்பாக்களும் தயாராகிவிட வேண்டும். மாலையில் ஏழு மணிக்கு மேல் வீடு திரும்பியபின், பசியோடு இருக்கும் பிள்ளைகள் தூங்கிப் போவதற்குள் இரவுச் சாப்பாடு ஆக வேண்டும். இந்த இரண்டு வேளைகளின் சுமையையும் வார இறுதிக்கு நகர்த்திவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள், அந்த நினைப்பு சரியானதும்கூட. ஆனால் எவ்வளவு வேலையை நகர்த்துவது என்பதில்தான் பல வீடுகளில் திட்டம் இரண்டாவது வாரமே கைவிடப்படுகிறது.

நம் முன் உள்ள வழிகள் நான்கு. ஒரே நாளில் வாரம் முழுவதற்கும் சமைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கிவிடுவது முதல் வழி. அரைப்பது, உரிப்பது, நறுக்குவது, வேகவைப்பது போன்ற நேரம் பிடிக்கும் வேலைகளை மட்டும் முன்பே முடித்துக்கொண்டு, தாளித்து இறக்குவதை அன்றன்றைக்கு வைத்துக்கொள்வது இரண்டாவது. சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்வது மூன்றாவது. மெஸ்ஸிலோ கேட்டரிங்கிலோ வாடிக்கையாக வாங்குவது நான்காவது. தமிழ்நாட்டுச் சமையலைச் சாப்பிட விரும்பும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாவது வழியே பொருந்தும் என்பது என் முடிவு. அதற்கான காரணம் நம் உணவின் இயல்பிலும் நம் ஊரின் வெப்பத்திலும் இருக்கிறது.

முழுச் சமையல் முறையின் கவர்ச்சி எளிதில் புரியக்கூடியது. ஞாயிறன்று நான்கு மணி நேரம் உழைத்தால், திங்கள் முதல் வெள்ளி வரை சூடாக்குவது மட்டுமே வேலை. பாத்திரம் கழுவுவதும் ஒரே நாளோடு முடிகிறது. ராஜ்மா, சன்னா மசாலா, கோழிக் குழம்பு போன்ற கெட்டியான குழம்புகளையே முதன்மையாகச் சாப்பிடுகிறவர்களுக்கும், தனியாக அறையெடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கும் இது நன்றாகவே உதவும். ஆனால் நம் வீட்டுச் சாப்பாடு ஒரே குழம்போடு முடிவதில்லை. சோறு, குழம்பு, ரசம், பொரியல், தயிர் என்று வரிசையாக வரும் அந்த உணவில், ஒவ்வொன்றும் கெடாமல் நிற்கும் காலம் வேறு வேறாக இருக்கிறது. இதைக் கணக்கில் கொள்ளாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் சமைத்து அடுக்கினால், புதன்கிழமை பாதி டப்பாக்களைக் கொட்ட வேண்டியிருக்கும். அல்லது கொட்ட மனமில்லாமல் சாப்பிட வேண்டியிருக்கும். இரண்டாவது இன்னும் மோசமானது.

முதலில் சோற்றைப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலானோர் கவலைப்படாமல் விட்டுவிடுவது அதைத்தான். அரிசியில் இருக்கக்கூடிய பாசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் அழியாமல் தப்பிவிடக்கூடியவை. வெந்த சோறு மணிக்கணக்கில் வெளியில் இருந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு, மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே மிஞ்சிய சோற்றை ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து அடுத்த நாளுக்குள் தீர்த்துவிடுவதே முறை. இதோடு இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். குக்கரில் சோறு வேக இருபது நிமிடங்கள் போதும், அந்த இருபது நிமிடங்களில் நாம் அதன் பக்கத்தில் நிற்க வேண்டியதும் இல்லை. முன்கூட்டிச் சமைப்பதால் மிச்சமாகும் நேரம் மிகக் குறைவாகவும், ஆபத்து மிக அதிகமாகவும் உள்ள ஒரு பொருளை ஞாயிறன்றே வடித்து வைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

அடுத்தது தேங்காய். அரைத்துவிட்ட கூட்டு, அவியல், தேங்காய்த் துருவல் தூவிய பொரியல், தேங்காய்ச் சட்னி ஆகியவை சீக்கிரம் நைந்து புளிப்பு வாடை அடிக்கத் தொடங்கிவிடும். குளிரில் வைத்தாலும் இரண்டாம் நாளில் அவற்றின் சுவை இறங்கிவிடுகிறது. தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பை உறையவைத்து உருக்கினால் திரிந்ததுபோல் பிரிந்து நிற்கும். உருளைக்கிழங்கை உறையவைத்தால் மணல் மணலாகிவிடும். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பர்போல் ஆகிவிடும். சாம்பாரோ ஓரிரு நாள் நன்றாக இருந்து, பிறகு காய் குழைந்து கூழாகிவிடும்.

இவற்றுக்கு நேர்மாறாக, புளியும் நல்லெண்ணெயும் உப்பும் கூடிய வகைகள் நெடுநாள் நிற்கின்றன. புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு, வெங்காயத் தொக்கு, பூண்டுக் குழம்பு ஆகியவை நாள் செல்லச் செல்ல ருசி கூடுகிறவை. மீன் குழம்பு மறுநாள்தான் சுவை என்று வீடுகளில் சொல்வதற்கும் புளியும் காரமும் மீனில் ஊறிவிடுவதே காரணம்; ஆனாலும் மீன் குழம்பை அன்றே ஆறவைத்துக் குளிரில் வைத்து, மறுநாளோடு முடித்துவிட வேண்டும். ஆக, முழுச் சமையலுக்கு நம் உணவில் தகுதியுள்ள பட்டியல் ஒன்று உண்டு. ஆனால் அது குட்டிப் பட்டியல். அதையே ஐந்து நாளும் சாப்பிட்டால் உப்பும் எண்ணெயும் அளவு மீறும். வீட்டில் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் இருந்தால் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

பாதுகாப்பு விதிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வேறு குளிர்நாடுகளின் சமையல் திட்டங்களைப் பார்த்து அப்படியே பின்பற்றுகிறவர்கள் நம் வெயிலை மறந்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி, சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்விக்க வேண்டும், அல்லது 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறை, வெளியே 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைக்கச் சொல்கிறது. சென்னையிலோ மதுரையிலோ ஆண்டின் பல மாதங்களில் பகலில் சமையலறை அதற்கு மேல் சூடாகத்தான் இருக்கிறது. ஐந்து லிட்டர் சாம்பாரைப் பெரிய பாத்திரத்தில் மூடி வைத்தால், நடுப்பகுதி ஆறுவதற்கே பல மணி நேரம் ஆகிவிடும். அதனால் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், சமைத்ததை ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, அவற்றைத் தண்ணீர் நிரம்பிய தாம்பாளத்தில் நிறுத்தி, விரைவாக ஆறவைத்து உள்ளே வைக்கப் பழகிக்கொள்ள வேண்டும். அப்படி வைத்தாலும் மூன்று, நான்கு நாளே கணக்கு. திங்களில் தொடங்கி வெள்ளி வரை ஐந்து நாளையும் ஞாயிற்றுச் சமையலை வைத்தே ஓட்ட முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

உறைபெட்டியில் வைத்தால் இந்தக் கணக்கு நீளும் என்பது உண்மைதான். ஆனால் உணவை நெடுநாள் காக்க −18 டிகிரி நிலையாக இருக்க வேண்டும். நடுத்தரக் குடும்பங்களில் இருக்கும் ஒற்றைக் கதவுப் பெட்டியில் உறைபகுதி சிறியது. ஐஸ் தட்டும் பால் பாக்கெட்டும் போக மிஞ்சும் இடத்தில் நான்கு பேருக்கான ஐந்து நாள் உணவு அடங்காது. மின்வெட்டு நேரத்தில் கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் கீழ்ப்பகுதி ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிரைத் தாங்கும். ஐந்து நாள் சமையலும் உள்ளே இருக்கும்போது அதற்கு மேல் மின்சாரம் போனால் நஷ்டம் பெரிது.

இனி இரண்டாவது வழி. இதில் நாம் கேட்க வேண்டிய கேள்வி, காலை நேரத்தில் நிமிடங்களை உண்மையில் தின்பது எது என்பதே. கவனித்துப் பார்த்தால் அடுப்பில் ஆகும் நேரத்தைவிட அடுப்புக்கு முந்திய நேரமே அதிகம் என்பது தெரியும். சின்ன வெங்காயம் உரிப்பது, பூண்டு உரிப்பது, பீன்ஸ் நறுக்குவது, புளி ஊறவைத்துக் கரைப்பது, தேங்காய் உடைத்துத் துருவுவது, கீரை ஆய்வது, மாவு அரைப்பது ஆகியவைதான் அந்த வேலைகள். இவை முடிந்திருந்தால், கடுகு வெடித்ததிலிருந்து கொத்தமல்லி தூவி இறக்குவது வரை ஒரு சாம்பாருக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகாது. நம் உணவின் மணமும் புதுமையும் கடைசித் தாளிப்பில்தான் இருக்கின்றன என்பதால், இந்த இருபது நிமிடத்தை விட்டுக்கொடுக்காமல் முந்தைய ஒரு மணி நேரத்தை மட்டும் வார இறுதிக்கு நகர்த்துவதே புத்திசாலித்தனம்.

தமிழ் வீடுகளுக்கு இது புதிய முறையும் அல்ல. இட்லி மாவே இதன் முன்னோடி. கோவையில் 1950களில் மின் கிரைண்டர் உருவாகி, பின்னர் குளிர்சாதனப் பெட்டியும் பரவியபின், முன்பெல்லாம் அடிக்கடி ஆட்டுக்கல்லில் ஆட்டிய மாவு வாரத்துக்கு ஒருமுறை அரைக்கும் பொருளாக மாறியது. நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, சிறிது வெந்தயம் என்று ஞாயிறன்று அரைத்தால், திங்களும் செவ்வாயும் இட்லி, புதனும் வியாழனும் தோசை, மிச்சம் புளித்தபின் ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ என்று அந்த ஒரு மாவு தன் புளிப்பின் போக்கிலேயே வாரத்தைக் கடத்திவிடும். பொங்கியவுடன் முழு மாவையும் கிளறாமல், தேவையானதை மட்டும் தனிப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு மீதியை உடனே குளிரில் வைத்தால் புளிப்பு மெதுவாகவே ஏறும். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி ஆகியவையும் இதே முன்னேற்பாட்டின் உறுப்புகள்தான். அவற்றை மாதம் ஒருமுறை வறுத்து அரைத்துவிடலாம். நம் பாட்டிமார்கள் வற்றல், வடாம் போட்டு வைத்ததையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். அந்த அறிவை நாம் தொடர்ந்தால் போதும்.

மற்ற ஆயத்தங்களில் எது எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் திட்டம் தானே அமையும். வேகவைத்து மசித்த துவரம்பருப்பு மூன்று நாள் நிற்கும். அதைப் பிரித்து இரண்டு டப்பாவில் வைத்துக்கொண்டால் ஒன்று சாம்பாருக்கும் மற்றொன்று ரசத்துக்கும் ஆகும். புளியைக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டி, உப்புப் போட்டுக் கொதிக்கவைத்துப் பாட்டிலில் ஊற்றிக் குளிரில் வைத்தால் வாரம் முழுவதும் கவலையில்லை. தேங்காயைத் துருவிச் சிறு சிறு பொட்டலங்களாக உறையவைக்கலாம். சமைத்த தேங்காய் தாங்காது என்றாலும் துருவிய தேங்காய் உறைபெட்டியில் நன்றாகவே இருக்கும். உரித்த சின்ன வெங்காயத்தை ஈரமில்லாத டப்பாவில் ஒரு வாரம் வைத்திருக்கலாம். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது சேர்த்து எண்ணெய் பிரிய வதக்கிய மசாலா ஒரு டப்பா இருந்தால் குருமா, முட்டைக் குழம்பு, சன்னா, காளான் மசாலா என எதற்கும் அதுவே அடித்தளம். ஓர் எச்சரிக்கை இங்கே தேவை: பூண்டை எண்ணெயில் ஊறவைத்து வெளியில் விட்டுவைப்பது ஆபத்தானது. காற்றில்லாத அந்தச் சூழலில் பொட்டுலினம் நச்சு உருவாகக்கூடும் என்பதால், இஞ்சி பூண்டு விழுதை எப்போதும் குளிரிலோ உறைபெட்டியிலோதான் வைக்க வேண்டும்.

காய்கறிகளை நறுக்குவதிலும் எல்லாக் காயையும் ஒன்றுபோல் நடத்த முடியாது. பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் ஆகியவற்றைக் கழுவி, ஈரம் முழுவதும் காய்ந்தபின் நறுக்கி வைத்தால் மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். கத்தரிக்காயும் வாழைக்காயும் நறுக்கியவுடன் கறுத்துவிடும், வெண்டைக்காய் பிசுபிசுத்துவிடும். அவற்றை அன்றன்றே நறுக்கிக்கொள்ள வேண்டும். கீரையைக் கழுவாமல் ஆய்ந்து, துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். நறுக்கிய காயில் வைட்டமின் சி ஓரளவு குறையும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நறுக்க நேரமில்லாமல் காயே சமைக்காத நாள்களோடு ஒப்பிட்டால் இந்த இழப்பு சிறியது.

இதிலிருந்து சமையல் வரிசையும் கிடைக்கிறது. சீக்கிரம் வாடும் கீரை, வெண்டை, புடலை, பீர்க்கங்காய் ஆகியவற்றை வாரத்தின் முதல் மூன்று நாள்களில் முடித்துவிட்டு, பூசணி, சேனை, கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் பின்னால் தள்ள வேண்டும். ஞாயிறன்று ஒன்றரை மணி நேரமும் புதன் இரவு அரை மணி நேரமும் ஒதுக்கினால் போதும் என்பது என் மதிப்பீடு. அந்தப் புதன் இரவு அமர்வு மிக முக்கியமானது. அதைச் சேர்க்காமல் ஞாயிற்றை மட்டுமே நம்புகிறவர்கள்தான் வியாழன், வெள்ளிகளில் கெட்ட பருப்பையும் வாடிய காயையும் சந்திக்கிறார்கள். புதன் இரவில் செய்ய வேண்டியது அதிகமில்லை. இன்னொரு முறை பருப்பு வேகவைத்து, இரண்டு காய் நறுக்கி, மறுநாள் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை ஊறவைத்தால் போதும்.

அசைவம் சமைப்பவர்களுக்கும் இந்த வழியே நல்லது. கோழியையோ ஆட்டுக்கறியையோ கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று பிரித்து உறையவைக்க வேண்டும். சமைப்பதற்கு முந்தைய இரவே பொட்டலத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட வேண்டும். சமையல் மேடையில் வைத்து உருகவிடக் கூடாது. ஒருமுறை உருகியதை மறுபடி பச்சையாக உறையவைப்பதும் கூடாது.

பாதி ஆயத்தத்தின் குறையும் சொல்லப்பட வேண்டும். இதில் தினமும் காலையில் யாராவது ஒருவர் முக்கால் மணி நேரம் அடுப்பங்கரையில் நின்றே ஆக வேண்டும். ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கும், இரவுப் பணி செய்யும் தாதியருக்கும், தொழிற்சாலைச் சுழல் பணியாளர்களுக்கும் அந்த முக்கால் மணி நேரமே கிடைக்காது. அவர்கள் முதல் வழியின் குட்டிப் பட்டியலையும் இரண்டாவது வழியையும் கலந்துகொள்ளலாம். புளிக்காய்ச்சலும் தொக்கும் கைவசம் இருந்து, சோறு மட்டும் புதிதாக வெந்தால், பதினைந்து நிமிடத்தில் புளியோதரையோ தக்காளி சாதமோ டப்பாவுக்குப் போய்விடும். வாரத்தில் இரண்டு நாளைக்கு அது தாராளமாகப் போதும்.

சமையலுக்கு ஆள் வைப்பது, வசதி இருந்தால், நேரத்தை மிகுதியாக மீட்டுத் தரும் வழி. வயதானவர்கள் வீட்டில் இருந்து, அவர்களுக்கு வேளாவேளைக்குச் சூடாகச் சாப்பாடு தேவைப்பட்டால் இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும். ஆனால் சமையலம்மா வருவதால் திட்டமிடும் வேலை மறைந்துவிடுவதில்லை. என்ன காய் இருக்கிறது, நாளைக்கு என்ன என்பதை வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும்; அவருக்கும் வார விடுப்பும் ஊர்த் திருவிழாவும் உடல்நலக் குறைவும் உண்டு. மாவும் பொடியும் புளிக்கரைசலும் தயாராக உள்ள வீட்டில், அவர் வராத நாளும் கலவரமில்லாமல் கழியும். அவருடைய வேலையும் ஒரு மணி நேரத்தில் முடிந்து, அடுத்த வீட்டுக்கு நேரத்தோடு போக முடியும்.

மெஸ் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நம்பகமான இடம் அருகில் இருந்தால் வாரத்தில் ஒரு நாள் இரவுக்கு அதைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்வது நல்லது. தினசரிக்கு வைத்துக்கொண்டால் எண்ணெயும் உப்பும் நம் கையில் இருக்காது. கடை மாவும் அப்படித்தான். அவசரத்துக்கு வாங்கும்போது தயாரித்த தேதியையும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும்.

இந்த ஒப்பீட்டில் பலர் விட்டுவிடும் ஒரு கேள்வியை நான் விடப் போவதில்லை: இந்த ஆயத்தத்தை யார் செய்வது? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் சராசரியாக ஒரு நாளில் 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிட்டிருக்கிறார்கள். இந்த நிலையில் வாரச் சமையல் திட்டம் என்ற பெயரில் ஒரு பெண்ணின் ஒரே விடுமுறை நாளில் நான்கு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால், நேரம் மிச்சமாவது வீட்டில் மற்ற எல்லோருக்கும்தான், அவருக்கு இல்லை. முழுச் சமையல் முறைக்கு ஒரே தேர்ந்த கை நீண்ட நேரம் தேவைப்படுகிறது. பாதி ஆயத்தமோ இயல்பிலேயே பங்கு போடக்கூடியது. பூண்டு உரிக்கவும் கீரை ஆயவும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். தேங்காய் உடைத்துத் துருவவும் கிரைண்டரைக் கழுவி வைக்கவும் கணவருக்கு முடியும். சமைக்கத் தெரியாது என்று ஒதுங்குவதற்கு இதில் இடமே இல்லை. எனக்கு இந்த ஒரு காரணமே இரண்டாவது வழியை ஆதரிக்கப் போதுமானது.

தொடங்குகிறவர்கள் முதல் ஞாயிறன்றே எல்லாவற்றையும் செய்ய முயல வேண்டாம். மாவு, புளிக்கரைசல், உரித்த வெங்காயம், துருவிய தேங்காய் ஆகிய நான்கை மட்டும் இரண்டு வாரம் செய்துபார்த்து, காலையில் எவ்வளவு நேரம் குறைகிறது என்று கவனித்தபின் பருப்பையும் நறுக்கிய காயையும் சேர்த்துக்கொள்ளலாம். டப்பாக்களில் தேதி எழுதிய சிறு ஒட்டுத்தாள் இருந்தால், எதை முதலில் எடுப்பது என்பதில் வீட்டில் எவருக்கும் குழப்பம் வராது. பருவத்துக்கு ஏற்ப அளவையும் மாற்ற வேண்டும். மார்கழியில் பொங்குவதற்குப் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் மாவு சித்திரை, வைகாசியில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கி வழியும். அந்த மாதங்களில் ஒரு வாரத்து மாவை இரண்டாகப் பிரித்து, பாதியை ஞாயிறன்றும் பாதியைப் புதனன்றும் அரைத்துக்கொண்டால், வெள்ளிக்கிழமை தோசையும் புளிப்பு மிகாமல் வரும்.